ஐந்தில் ஒன்றும் உருளை மெஷினும்

ஜனவரி 14, ஞாயிறு

ஷவ்கி அண்ணன் இன்று மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தார். அப்பா இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இதற்குள் அவர் மூன்றாவது மாடியை மிதித்தது இரண்டே தடவை. ஒரு தடவை மேலே தண்ணீர்த் தொட்டி வழிந்தபோது, இன்னொரு தடவை டிஷ் ஆன்டெனாவைத் திருப்ப. இரண்டு தடவையும் என் வாசலைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போனாரே தவிர, வாசலில் நிற்கவில்லை.

இன்று நின்றார். கையில் ஒரு வாத்து, வெங்காயம் அடைத்து வறுத்தது, இன்னும் சூடாக.

"ஒடம்பு எப்படி இருக்கு இக்லால்? முழங்கால் வலின்னு சொன்னாங்களே."

"எந்த முழங்கால்ண்ணே?" என்று கேட்டேன்.

முழித்தார். இடது, வலது இரண்டையும் பார்த்தார். பிறகு வாத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் தம்பி ரிஃபாத். ஒரு டின் வெள்ளைப் பாலாடைக்கட்டி. "அக்கா" என்று கூப்பிட்டான். வழக்கமாக "இந்தாங்க" என்பான், அதுவும் மின்சார பில் என் பெயருக்கு வந்தால்.

ஒரே நாளில் வாத்தும் பாலாடைக்கட்டியும். யாரோ சாகப்போகிறார்கள், இல்லையென்றால் எதிலோ என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லப்போகிறார்கள்.

ஜனவரி 15, திங்கள்

விஷயம் தெரிந்தது. கீழே பட்டறையில் மரம் தேய்க்கும் மெத்வல்லி கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வந்தான். டீ கொடுத்தேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னான்.

பட்டறைக்கு ஒரு மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் ஒரு மாதமாகச் சண்டையாம். டிரம் சாண்டர் என்று பெயர். மெத்வல்லி உருளை மெஷின் என்கிறான். ஓர் உருளையில் உப்புத்தாளைச் சுற்றியிருப்பார்கள். கீழே ஓடும் பெல்ட்டில் பலகையை வைத்தால் அதுவே உள்ளே இழுத்து, தேய்த்து, அந்தப் பக்கம் துப்பும். ரிஃபாத் வாங்க வேண்டும் என்கிறான். அண்ணன் கூடாது என்கிறார். தீர்ப்புக்கு எதிர்ப் பட்டறை ஹாஜி பஸ்யூனியிடம் போயிருக்கிறார்கள்.

"ஹாஜி என்ன சொன்னாருங்கிறீங்க டீச்சரம்மா? 'பெரியவனுக்கு ரெண்டு பங்கு, சின்னவனுக்கு ரெண்டு பங்கு. சரிக்குச் சரி. மீதி ஒண்ணு யார்கிட்டப்பா இருக்கு?'ன்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நெசமாவே யோசிச்சாங்க."

அப்பா போனபோது சட்டப்படி பிரித்தது: ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. பட்டறை மொத்தம் ஐந்து பங்கு. அந்த ஐந்தில் ஒன்று நான். நோன்புப் பெருநாளுக்கு அரைத்தட்டு பிஸ்கட் வரும், அதோடு சரி. என்ன மரம் வாங்குகிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது நினைவு வந்துவிட்டதாம். வாத்து நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 19, வெள்ளி

தொழுகை முடிந்து இருவரும் சேர்ந்தே வந்தார்கள். என் சாப்பாட்டு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டது போல இருந்தது. என்னைப் பெண் பார்க்க ஒருவரும் இவ்வளவு பணிவாக வந்ததில்லை. வந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

ரிஃபாத் போனில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் யாரோ ஒருவர், காதில் பெரிய மூடி, வீட்டுக்குப் பின்னால் பட்டறை. பலகையை மெஷினில் விடுகிறார், சிரிக்கிறார். அந்தப் பக்கம் போய் எடுக்கிறார், சிரிக்கிறார். கடைசியில் ரொட்டி வெட்டும் பலகை ஒன்று செய்து மனைவிக்குக் கொடுக்கிறார். அவளும் சிரிக்கிறாள்.

"இதுக்கா இவ்வளவு பெரிய மெஷின்?" என்றேன்.

"அக்கா, அவரு பொழுதுபோக்குக்குப் பண்றாரு. நாம தொழிலுக்கு. ஒரு பீரோ கதவத் தேய்க்க மெத்வல்லிக்கு அரை நாள் ஆகுது. மெஷின்ல பத்து நிமிஷம்."

அண்ணன் தன் கையை மேஜைமேல் விரித்து வைத்தார், சாட்சி கொண்டுவந்தது போல.

"மெஷினுக்குக் கண்ணு இருக்கா? மரத்தோட ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு அதுக்குத் தெரியுமா? தும்யாத் ஊர் முழுக்கக் கேட்டுப் பாரு. ஷவ்கியோட கைன்னா என்னன்னு சொல்வாங்க. அப்பாவே சொல்லியிருக்காரு."

அப்பா சொன்னார்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"அதோட மெத்வல்லி பொழப்பு என்னாகும்? பாவம்!" என்றார் அண்ணன். போன வருஷம் மெத்வல்லி தோள் சுளுக்கிப் படுத்திருந்தபோது நான்கு நாள் கூலி பிடித்தவர் இவர். யோசித்துச் சொல்கிறேன் என்று இருவரையும் அனுப்பினேன். படியில் இறங்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

ஜனவரி 23, செவ்வாய்

பள்ளி விடுமுறை. பட்டறைக்குள் இறங்கினேன்.

நான் வாசலில் நின்றதும் ரம்பத்தை நிறுத்தினார்கள். ஏதோ கவர்னர் வந்துவிட்டார் என்பது போல ஸ்டூல் துடைத்தார்கள். நான் அந்த வாசலைத் தாண்டிக் கடைசியாக உள்ளே போனது நாற்பது வருஷத்துக்கு முன்பு. பன்னிரண்டு வயது வரை அங்கேதான் கிடந்தேன். ஒரு நாள் அப்பா, "தெருவைப் பாத்த கடை, பொம்பளப் புள்ள நிக்கக் கூடாது" என்று மேலே அனுப்பினார். அத்தோடு முடிந்தது.

இந்த நோட்டில் எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்? அண்ணனுக்கு அப்போது பதினெட்டு. அவர் பங்குக்கு வைத்த பலகைகளை என்னிடம் தள்ளிவிட்டு நைல் கரைக்குச் சீட்டாடப் போவார். நான் தேய்ப்பேன். கூலி பாதி மிஷப்பக். முழுசாகக்கூட இல்லை. பாகு சொட்டும் அந்த இனிப்பு முறுக்கை நடுவில் உடைத்து, பெரிய பாதியை அவர் எடுத்துக்கொண்டு சின்ன பாதியை எனக்குத் தருவார். அப்பா சாயங்காலம் பலகையைத் தடவிப் பார்த்து, "ஷவ்கிக்குக் கை வந்துருச்சு" என்பார். அண்ணன் தலையைக் குனிந்து அடக்கமாக நிற்பார்.

ஷவ்கியின் கை! இப்போது அது மெத்வல்லியின் கை. நடுவில் ஷவ்கியின் கை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மெத்வல்லி மூலையில் உட்கார்ந்து கதவுச் சட்டம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். புருவம், மீசை, காது எல்லாம் வெள்ளைத் தூள். "மெஷின் வந்தா உனக்கு வேலை போயிடும்னு கவலைப்படுறியா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான். "இத இதுவரைக்கும் என்னைய யாரும் கேக்கல டீச்சரம்மா."

"நான் கேக்கிறேன்."

"அந்த மெஷின் நாளைக்கே வரட்டும். அதுக்குப் பின்னாடி தூசி உறிஞ்சுற பை ஒண்ணு வச்சா, நான் அதுக்குத் தெனமும் பூ வைப்பேன். பெரிய மொதலாளி என் பொழப்பப் பத்திப் பேசுறாரு. தூசியத் திங்கிறவன் நான்ல."

இருமினான். டீ ஆறிப்போகும் வரை இருமினான்.

ஜனவரி 30, செவ்வாய்

ஹாஜி பஸ்யூனி பட்டறையில் மெஷினைப் பார்த்தோம். அவர் ஆறு மாதத்துக்கு முன்பே வாங்கிவிட்டார்.

ரிஃபாத் தானே ஓட்டிக் காட்டுகிறேன் என்றான். ஹாஜி, "மயிரிழை மயிரிழையா எறக்கணும் தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் கைப்பிடியை நன்றாகச் சுற்றி உருளையை இறக்கிவிட்டான். பலகை உள்ளே போனது. கருகல் வாசனை வந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்தபோது நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. உள்ளே உப்புத்தாள் கிழிந்து படபடவென்று அடித்தது.

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ரொட்டி சுட நல்ல மெஷின்," என்றார்.

ஹாஜி புதுத் தாள் சுற்றிவிட்டு, அவரே ஒரு பீரோ கதவை விட்டார். நான்கு சட்டம் சேர்ந்த கதவு. ஒரு சட்டத்தின் ரேகை நீளவாக்கில் ஓடும், அதோடு சேரும் சட்டத்தின் ரேகை குறுக்கே ஓடும். இரண்டும் சந்திக்கிற மூலைதான் கஷ்டம். எவ்வளவு தேய்த்தாலும் ஒரு பக்கம் கொஞ்சம் எழும்பி நிற்கும். இழைப்புளி போட்டால் பிய்க்கும்.

கதவு வந்ததும் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மூலையைத் தடவினேன். ஒன்றும் தட்டவில்லை. நான்கு மூலையிலும் ஒன்றும் தட்டவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மூலைக்கு ஒரு மத்தியானம் போகும். கடைசி ஓரத்தில் மட்டும், நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி, லேசான ஒரு பள்ளம். பலகையின் வால் மெஷினை விட்டு வெளியேறும்போது கொஞ்சம் எழும்புமாம், அங்கே கூடுதலாகக் கடித்துவிடும் என்றார் ஹாஜி. கண்ணுக்குத் தெரியாது.

மூலையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரிஃபாத்துக்குத் தலைகால் புரியாது.

பிப்ரவரி 4, ஞாயிறு

பட்டறையில் பெரிய சத்தம். மூன்று மாடிக்கும் கேட்டது. நடுவில் சுவர் எழுப்பிவிடலாம், அவரவர் பக்கம் அவரவர் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவாம். இந்தத் தெருவில் இப்படிச் சுவர் எழுப்பிய பட்டறை ஏற்கெனவே நான்கு. எல்லாவற்றிலும் பீரோ வாசலுக்கு வெளியே நின்று மழையில் நனைகிறது, உள்ளே இடமில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் பட்டறையை எட்டிப் பார்த்தேன். தரையில் சாக்பீஸ் கோடு. வாசலிலிருந்து பின்சுவர் வரை, நேராக, நூல் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

அளந்தேன். கணக்கு டீச்சர், அளக்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கம் பதினான்கு அடி, அந்தப் பக்கம் பதினான்கு அடி.

"என் பக்கம் எது?" என்று கேட்டேன்.

இருவரும் கோட்டைப் பார்த்தார்கள்.

"உனக்கென்ன இக்லால், நீ மேலதானே இருக்க," என்றார் அண்ணன்.

"ஆமாக்கா, உங்களுக்கு எதுக்குக் கீழ?" என்றான் ரிஃபாத்.

இரண்டு மாதமாக ஒத்துப்போகாத இரண்டு பேர் இதில் மட்டும் ஒரு நிமிஷத்தில் ஒத்துப்போய்விட்டார்கள். சுவர் எழுந்தால் நான் எங்கே? செங்கல்லுக்குள்ளேயா? நான் எதற்கும் ஓட்டுப் போட வேண்டியதில்லை என்று இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வாத்து வேஸ்ட்.

பிப்ரவரி 7, புதன்

எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த வேண்டியிருக்கிறது, பாடத்தைத் தயார் செய்தேன். ஐந்தில் இரண்டும் ஐந்தில் இரண்டும் சேர்ந்து முழு ஒன்று ஆவது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். ஒரே அளவில் இரண்டு பீரோ கதவு, பீச் மரம், ஒரே அடுக்கிலிருந்து எடுத்த சட்டம். ஒன்றை அண்ணன் கையால் தேய்க்கட்டும். இன்னொன்றை ரிஃபாத் ஹாஜியின் மெஷினில் தேய்க்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். எது நல்ல கதவோ அவர் பக்கம் என் பங்கு. மூன்று பங்கு சேர்ந்தவர் சொன்னதுதான் சட்டம். சுவர் கிடையாது.

"ரெண்டு பேருக்கும் அவ்வளவு நம்பிக்கைன்னா, பயம் எதுக்கு?" என்றேன்.

இருவரும் உடனே சரி என்றார்கள். தன் கதவு தோற்கும் என்று நினைக்கும் ஆண்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்கே கொஞ்சம் பயம். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை. அதற்கு இன்னும் மரம் தெரியுமா?

பிப்ரவரி 13, செவ்வாய்

விடியற்காலையில் பால்கனியில் நின்றேன். மெத்வல்லி பெரிதாக எதையோ கம்பளியில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான். நான் கூப்பிட்டதும் திடுக்கிட்டான்.

"ரொட்டி வாங்கப் போறேன் டீச்சரம்மா!"

கதவு அகலத்தில் ரொட்டி.

பிப்ரவரி 14, புதன்

கீழ்வீட்டில், ரிஃபாத்தின் படுக்கையறையில், இரண்டு நாளாகக் கர் கர் என்று சத்தம். அவன் மனைவி நவாலிடம் கேட்டேன். எலியாம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நின்றுவிடுகிற எலி.

பிப்ரவரி 16, வெள்ளி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பட்டறையில் இரண்டு முக்காலியில் இரண்டு கதவு. ஹாஜி பஸ்யூனியும் வந்திருந்தார். நவால் என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டினாள். மெத்வல்லி கதவுகளை இடம் மாற்றி வைத்தான். முதல் கதவைத் தடவினேன். பிறகு இரண்டாவதை. பிறகு மறுபடி முதல் கதவை.

என் கைக்கு மறக்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் சொன்னேன்.

"முதல் கதவு மெஷின். ரெண்டாவது கதவு கை. முதல் கதவோட மூலைங்க நல்லா இருக்கு. ரெண்டாவதுல மொகம் நல்லா இருக்கு."

பிறகு அண்ணன் சிரித்தார்.

"கட்ட அவுத்துட்டுப் பாரு தங்கச்சி."

அவிழ்த்தேன். முதல் கதவைப் புரட்டிக் காட்டினார். பின்னால் பென்சிலில் அவர் பெயர். இரண்டாவதில் ரிஃபாத்தின் பெயர்.

"கை போச்சுடி உனக்கு," என்றார். "சாக்பீஸ் பிடிச்ச கைக்கு மரம் எப்படித் தெரியும்? என் கதவ மெஷின்னு சொல்றா! ஹாஜி, கேட்டீங்களா?"

ரிஃபாத் தரையைப் பார்த்தான். ஹாஜி தாடியைத் தடவினார். எனக்கு முகம் எரிந்தது. அவ்வளவுதானா? இதுவும் இல்லையா என்னிடம்? திரும்பி மாடிக்கே போய்விடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். அந்த வாசல்வரை போய்விட்டேன்.

திரும்பி வந்து முதல் கதவைக் கண் திறந்தபடியே தடவினேன். கடைசி ஓரத்தில், நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி, பள்ளம்.

"ஹாஜி, இங்க கைய வைங்க. இந்தப் பள்ளம் மனுசக் கை போடுமா?"

ஹாஜி வைத்துப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "ஷவ்கி, செவ்வாக்கிழமை காலைல எங்க பட்டறையில சீக்கிரமே சத்தம் கேட்டுச்சு. எம் பையன்தான் ஏதோ ஓட்டுறான்னு இருந்துட்டேன்."

"ரொட்டி," என்றேன் மெத்வல்லியைப் பார்த்து. அவன் கூரையைப் பார்த்தான்.

பிறகு இரண்டாவது கதவு. அதன் ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. ரிஃபாத்துக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரத்தில் அழுத்தித் தேய்க்கும் வழக்கம். அப்பா அவன் பலகையை "சோப்புக் கட்டி" என்பார்.

"எலி நல்லா தேய்ச்சிருக்கு," என்றேன்.

நவால்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்தினாள், முடியவில்லை. ரிஃபாத் காது வரை சிவந்தான்.

"மெஷின் கோடு கோடா போட்டிருச்சுக்கா. கருகல் வேற. அப்படியே காட்ட வெக்கமா இருந்துச்சு... ரெண்டு நாள் கையாலதான்..."

கையே உயர்ந்தது என்றவர் திருட்டுத்தனமாக மெஷினுக்குப் போயிருக்கிறார். மெஷினே உயர்ந்தது என்றவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்திருக்கிறான். இவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்தில் நான்கு.

அண்ணன் மெத்வல்லி மேல் பாய்ந்தார். "நீதாண்டா சொல்லிக் குடுத்த!"

"நான் வாயே தொறக்கல மொதலாளி. கதவுதான் பேசிருச்சு."

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எந்தக் கைக்காகண்ணே இவ்வளவு சண்ட போட்டீங்க? 'ஷவ்கிக்குக் கை வந்துருச்சு'ன்னு அப்பா சொன்னாரே, அது யாரு கை? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும். பாதி மிஷப்பக்குக்கு யாரு தேய்ச்சா?"

அவர் முகம் வெளுத்தது. அப்போது சொன்னார். கோபத்தில்தான் சொன்னார். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

"அப்பாவுக்குத் தெரியும்டி! தெரிஞ்ச அன்னிக்குத்தான் உன்னைய மேல ஏத்தினாரு. மகன விட மக கை நல்லாருக்குன்னு தெரு பேசுனா, நாளைக்கு எவன் எனக்கு மேஸ்திரின்னு மரியாத குடுப்பான்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். நான் மேலே வந்துவிட்டேன்.

தெருவப் பாத்த கடைன்னு சொன்னீங்களேப்பா. நான் நம்பினேனே. நாப்பது வருசமா நம்பினேனே. கை நல்லா இருந்ததுக்கா? நல்லா இருந்ததுக்கா என்னைய ஏத்துனீங்க? மோசமா தேய்ச்சிருந்தா அங்கயே விட்டிருப்பீங்களா?

பிப்ரவரி 17, சனி

பாத்திரமெல்லாம் கழுவினேன். கழுவியதையும் கழுவினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பள்ளியிலிருந்து வந்தபோது அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். கையில் வாத்து இல்லை. எழுந்து வழி விட்டார். நான் ஏறி வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

அப்பாவைத் திட்ட முடியவில்லை, இறந்துவிட்டார். இவரைத் திட்டலாம். ஆனால் இவருக்கு அப்போது பதினெட்டு வயதுதான். ஆனால் அதற்குப் பிறகு முப்பது, நாற்பது, ஐம்பது வயதும் ஆனதே! அப்போதெல்லாம் வாய் எங்கே போனது?

பிப்ரவரி 20, செவ்வாய்

முடிவு சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், ஸ்டூல் வேண்டாம் என்றுவிட்டேன்.

மெஷின் வாங்கலாம். மூலைக்கு அதைவிட நல்லது இல்லை, அண்ணனே சாட்சி. தேய்த்து முடித்த கதவு அப்படியே வெளியே போகக் கூடாது, கடைசிக் கை மனுசக் கைதான். அதற்கு ரிஃபாத் சாட்சி. தூசி உறிஞ்சும் பை முதலில் வர வேண்டும், மெஷின் அதற்குப் பிறகு. இது மெத்வல்லி கேட்டது.

"அவன் எப்பக் கேட்டான்?" என்றார் அண்ணன்.

"நீங்க கேக்காதப்ப."

பிறகு சாக்பீஸ் கோட்டைக் காட்டினேன். மெஷின் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கும். சுவர் வர வேண்டிய இடத்தில். பள்ளி விட்டு நாலு மணிக்கு நான் இறங்கி வருவேன். மெஷினை நான்தான் ஓட்டுவேன். உருளையை எவ்வளவு இறக்குவது என்பதை இந்த வீட்டில் வேறு யார் கையிலும் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

"தெருவுல என்ன சொல்லுவாங்க இக்லால்?" என்றார் அண்ணன். மெதுவாகத்தான் கேட்டார்.

"நாப்பது வருசத்துக்கு முன்னாடி என்ன சொல்லியிருப்பாங்களோ, அதத்தான்."

ரிஃபாத் பேச வாயெடுத்தான். நவால் மேலே ஜன்னலிலிருந்து "எலி!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மூடிக்கொண்டான்.

மார்ச் 15, வியாழன்

மெஷின் வந்துவிட்டது. தூசிப் பையும்.

அதை எதிர்த்து இரண்டு மாதம் தொண்டை வறண்ட ஷவ்கி அண்ணன்தான் சேவல் வாங்கி வந்து அறுத்தார். இரத்தத்தில் கையைத் தோய்த்து மெஷினின் பக்கவாட்டில் ஐந்து விரலும் பதித்தார், கண் படக் கூடாதாம். வாங்கக் கூடாது என்று சொன்ன மெஷினுக்கு யார் கண் படப்போகிறது? ஹாஜி கண்ணா? அவரிடமும் ஒன்று இருக்கிறது.

மெத்வல்லி உண்மையாகவே பூ வாங்கி வந்தான். பிளாஸ்டிக் பூ. தூசிப் பையில் சொருகினான்.

மார்ச் 19, திங்கள்

இரண்டு கதவு. முதலாவது கருகியது. என் கைதான், வேறு யாரையும் சொல்ல முடியாது. ரிஃபாத் பார்த்தான், ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இவனுக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

ஏப்ரல் 11, புதன்

ஒன்பது கதவு. மெத்வல்லி இன்று இருமியது இரண்டே தடவை. எண்ணினேன்.

மே 13, ஞாயிறு

இன்று ஒரு பெண்மணி மகளின் கல்யாணத்துக்குப் படுக்கையறை செட்டு பார்க்க வந்தார். பீரோ கதவை ஓரத்திலிருந்து ஓரம் வரை உள்ளங்கையால் தடவினார். மூலையில் நின்று மறுபடி தடவினார். "ஷவ்கி மேஸ்திரி கைன்னு சொல்லவே வேணாம்," என்றார்.

அண்ணன் பழக்கத்தில் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றார். நான் மெஷினுக்கு இந்தப் பக்கம் காதுமூடி போட்டுத் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். காதுமூடி சும்மா பேருக்குத்தான். மெஷின் ஓடவில்லை, எல்லாம் கேட்டது.

பிறகு தொண்டையைச் செருமினார்.

"அது... என் கை இல்லம்மா. அதோ, தங்கச்சி. நான் சும்மா கடைசியா ஒரு தடவ தொடச்சேன்."

சும்மா துடைத்தாராம். துடைத்ததும் மெத்வல்லிதான். ஒரு உண்மை சொன்னால் பக்கத்திலேயே ஒரு பொய்யை வைக்காமல் இவரால் முடியாது.

ஆறு மணிக்கு மேலே வந்தபோது வாசலில் ஒரு தட்டு, மேலே காகிதம் மூடி. தட்டு அண்ணன் வீட்டுத் தட்டு. ஆள் இல்லை. திறந்தேன். மிஷப்பக், ஒன்று. முழுசாக இருந்தது, எங்கும் உடைக்கவில்லை.

கையெல்லாம் பாகு. நின்றபடியே முழுவதையும் தின்றேன்.